செட்டு இசைத்தட்டும் அதன் அபிமானிகளும்

சென்ற ஆண்டின் இரண்டாம் பருவத்தில் நம் மாணவர் விடுதியில் நிகழ்ந்த ஒரு சிறு செய்தியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. விழுப்புரத்தினின்று வந்து பயிலும் மாணவர் ஒருவர், இங்கிலாந்து தேசத்துப் பீட்டில்ஸ் என்னும் பழைய பாடற் குழுவினரின் தட்டுகள் அடங்கிய பெட்டி ஒன்றைத் தம் இரண்டு மாத உணவுக் கட்டணத்தைக் கொடுத்து வருவித்தார். பெட்டி வந்த அன்று விடுதியே அவர் அறையில் கூடியது. கூடியவர்கள் கண்ட விந்தை யாதெனில், அத்தட்டுகளைச் சுழற்றுதற்குரிய கருவி அவரிடம் இல்லை. அவற்றிலுள்ள பாடல்களோ முன்னமே அவர்தம் கைபேசியில் நிறைந்திருந்தன. கேட்பதற்குக் கருவியில்லாத தட்டை, கேட்டுக் கேட்டுப் பழகிய பாட்டை, பசியைப் பொறுத்து வாங்குவார் உண்டோ என்று தோழர்கள் நகைத்தனர். விடுதிக் காப்பாளர் கடிந்துரைத்தார். தந்தையார் விழுப்புரத்தினின்று புகைவண்டியேறி வந்து, கட்டணத்தைச் செலுத்திவிட்டு, "இஃது அயல்நாட்டுப் பித்து, நம்மவர்க்கு ஆகாதது" என்று யாம் கேட்கவே கூறினார். கூறியவர் சற்று நேரம் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு, "எங்கள் பெரியப்பா வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கிறது" என்று தாமே சொல்லிக்கொண்டார்.

அவர் முதலிற் கூறியதனை யாம் ஒப்பவில்லை. பின்னர்க் கூறியதனைப் பற்றிக்கொண்டு சில மாதம் ஆராய்ந்தோம். அதன் பயனை நம் கல்லூரி அன்பர்களுக்கு எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண் அம்மாணவர் வாங்கிய பெட்டியைப் பற்றிச் சில சொற்கள். பீட்டில்ஸ் குழுவினர் 1970ஆம் ஆண்டிலேயே பிரிந்துபோயினர். நால்வருள் இருவர் இறந்தும்விட்டனர். எனினும் 2009ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாளன்று அவர்தம் பாடல்கள் ஒலி செப்பனிடப்பெற்று இரண்டு பெட்டிகளாக வெளிவந்தபொழுது, உலகெங்கும் அபிமானிகள் அவற்றை வாங்க முந்தினர். ஒரு பெட்டி ஸ்டீரியோ ஒலியிலும் மற்றொன்று மோனோ ஒலியிலும் அமைந்தன. ஒரே பாடலை இரண்டு விதமாக வாங்குவானேன் என்று நாம் கேட்கலாம். அதற்கு அபிமானிகள் தரும் விடை இது: 1960களில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தது ஒரே ஒலிபெருக்கியுள்ள பெட்டி, ஆதலின் குழுவினர் தாமே உடனிருந்து கருத்தூன்றி அமைத்தது மோனோ ஒலியே, ஸ்டீரியோவோ பல வேளைகளில் பின்னர்ப் பிறரால் விரைந்து அமைக்கப்பெற்றது. 1967இல் வெளிவந்த 'சார்ஜெண்ட் பெப்பர்' என்னும் தொகுதியின் இவ்விரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்போர்க்கு வேகத்திலும் ஒலியளவிலும் வேறுபாடு விளங்கும். ஒரு பாட்டுக்குள்ளே இத்தனை நுட்பம் காண்பவனைப் பித்தன் என்பதா, பாடபேதம் ஆராயும் புலவன் என்பதா? சங்க நூலின் ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிய பெரியோரை நாம் பித்தர் என்று சொல்வதில்லை.

இனி, தட்டுகள் பெட்டியில் அடைபட்ட வரலாற்றை நோக்குவோம். எடிசன் 1877இல் போனோகிராபை அமைத்தார். தட்டையான தட்டில் ஒலியைப் பதியும் கிராமபோனை எமில் பெர்லினர் 1887இல் அமைத்தார். நெடுங்காலம் வழங்கிய தட்டு நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழல்வது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். மூன்று நிமிடத்தில் அடங்கும் பாட்டுக்கு அது போதும்; அடங்காத இசைக்கு என்செய்வது? 1909ஆம் ஆண்டில் ஓடியன் கம்பெனியார் சைக்காவ்ஸ்கி என்னும் ருஷிய இசைப் புலவரின் 'நட்கிராக்கர்' இசைக்கோவையை நான்கு தட்டுகளில் பதிந்து ஒரே தொகுதியாக விற்றனர். 1913இல் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி பெர்லின் நகரத்தில் பதியப்பெற்று எட்டுப் பக்கங்களில் வெளிவந்தது. இத்தகைய தட்டுகளை நிழற்படப் புத்தகம்போலக் கட்டிய தடித்த அட்டைப் பைகளில் வரிசையாகச் செருகி வைத்தனர். நிழற்படப் புத்தகத்தின் பெயராகிய 'ஆல்பம்' என்பதே அதற்கும் பெயராயிற்று. நெடுநேரம் ஓடும் 33⅓ சுற்றுத் தட்டு 1948இல் வந்து எட்டுப் பக்கத்தை இரண்டு பக்கத்துள் அடக்கியபின்னும் அப்பெயர் நீங்கவில்லை. இன்று கைபேசியில் உருவமின்றி வரும் பாட்டுக்கோவையையும் இளைஞர் ஆல்பம் என்றே வழங்குகின்றனர்.

மேனாட்டில் தொகுதியை வேண்டியது சிம்பொனி. நம் நாட்டில் வேண்டியது யாது? நாடகமே என்பது எம் துணிபு.

தென்னாற்காட்டு நிலம் கூத்துக்குப் பேர்போனது. செஞ்சியை அடுத்த மேலச்சேரி முதலாகத் திரௌபதியம்மன் கோயில்கள் பலவற்றில் பாரதக் கூத்து இரவெல்லாம் நடைபெறுதல் இன்றும் உண்டு. கட்டியங்காரன் விளக்கொளியில் வந்து நிற்கும்போது குழந்தைகள் உறங்கத் தொடங்குவர். அர்ச்சுனன் தபசுமரம் ஏறும்போது கோழி கூவும். மேடை நாடகமும் அவ்வாறே விடிய விடிய நிகழ்ந்தது. அம்மேடைக்குரிய பாட்டையும் உரையாடலையும் வகுத்துத் தந்தவருள் தலையாயவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடியில் பிறந்த அவர், விழுப்புரத்தினின்று ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள புதுச்சேரியில் 1922இல் காலமானார். அவர் மறைந்து பத்தாண்டு கழியுமுன்னே கோவலன், வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய அந்நாடகக் கதைகள் கிராமபோன் தட்டுகளில் ஏறிவிட்டன. ஒரு கதைக்கு நான்கு தட்டு, ஐந்து தட்டு, ஆறு தட்டு என இவை வரிசை எண்ணிட்டு வந்தன. இவற்றுக்கு மக்கள் இட்ட பெயர் 'நாடகச் செட்டு'.

எட்டுமணி நேரக் கதையை ஆறு தட்டில் அடக்குவது எத்தகைய செயல் என்பதைச் சிறிது கணக்கிட்டால் விளங்கும். ஆறு தட்டுக்குப் பன்னிரண்டு பக்கம்; பக்கத்துக்கு மூன்று நிமிடம்; ஆக முப்பத்தாறு நிமிடம். அதற்குள் கோவலன் கண்ணகியை மணந்து, மாதவியைச் சேர்ந்து, பொருளிழந்து, மதுரை புகுந்து, மாண்டு, மதுரையும் எரிந்தாக வேண்டும். மேடையில் ஒரு பாட்டையே அரைமணி நேரம் விரித்துப் பாடும் நடிகர், ஒலிவாங்கியின் முன் நின்று, மூன்றாம் நிமிடம் முடியுமுன் பாட்டையும் அழுகையையும் முடித்துக்கொள்ள வேண்டும். ஆதலின் ஒவ்வொரு பக்கமும் ஒரு சிறு காட்சியாக வகுக்கப்பட்டது. பக்கம் முடியுமிடத்தில் கதையும் ஒரு படியில் நிற்கும். மறுபக்கம் திருப்பினால் அடுத்த படி ஏறும். இவ்வாறு கருவியின் குறையே கதைக்கு ஒரு தாளமாக அமைந்துவிட்டது. தட்டைத் திருப்பும் அச்சிறு இடைவெளியில் கேட்போர் மூச்சுவிட்டனர், கண்ணைத் துடைத்தனர், அடுத்து வருவதைத் தமக்குள் சொல்லிக்கொண்டனர்.

மேற்கூறிய ஓடியன் கம்பெனியின் தட்டுகளே 1930களில் சென்னைச் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வாயிலாகத் தமிழ் நாடெங்கும் பரவின என்பது அறியத்தக்கது. அந்நிறுவனத்தை நடத்தியவருள் ஒருவரே பிற்காலத்தில் ஏவி.எம். என்னும் மூன்றெழுத்தால் புகழ்பெற்ற மெய்யப்பச் செட்டியார். அவர் 1935இல் 'அல்லி அர்ஜுனா' என்னும் பேசும்படத்தை எடுத்தார். தட்டு விற்றுப் பெற்ற அனுபவமே அவரைப் படம் எடுக்கத் தூண்டியது எனலாம். ஓடியன் அல்லாமல் கொலம்பியா, எச்.எம்.வி. முதலிய கம்பெனியாரும் தமிழ்ப் பாடகரை நாடிப் போட்டியிட்டனர்.

செட்டு வாங்கியவர் சிலர், கேட்டவரோ பலர். சிற்றூரில் கிராமபோன் பெட்டி உடையவர் ஒருவர் அல்லது இருவர். அவர் வீட்டுத் திண்ணையில் மாலைப்பொழுதில் ஊர் கூடும். நகரத்துக் காப்பிக் கிளப்பிலோ தட்டு சுழலும் வரையில் காப்பி ஆறாது. பெட்டிக்குச் சாவி கொடுப்பதும், பக்கந்தோறும் புது முள் மாற்றுவதும் வீட்டுப் பிள்ளைகளின் உரிமை. அவ்வுரிமைக்காக அவர்கள் செய்த சண்டை சிறிதன்று. மேடை நாடகத்தில் பிடித்த பாட்டை மறுபடி கேட்க விரும்பியவர் "ஒன்ஸ்மோர்" என்று கூவுதல் வழக்கம். நடிகர் இரங்கினால் பாடுவார்; இல்லையேல் இல்லை. செட்டு வந்தபின் ஒன்ஸ்மோர் கேட்கும் அதிகாரம் முள்ளைப் பிடித்தவன் கைக்கு வந்துவிட்டது. ஒரே பக்கத்தை இரவில் ஏழுமுறை போட்டுத் தேய்த்தவர் உண்டு என்பர்.

தேய்வதோடு உடைவதும் உண்டு. அக்காலத் தட்டு அரக்கினால் ஆயது. அவ்வரக்கு சோட்டா நாகபுரிக் காடுகளில் ஒருவகைப் பூச்சி மரக்கிளைகளில் இடும் பிசின். உலகத்து இசைத்தட்டுகளுக்கெல்லாம் வேண்டிய அரக்கைப் பெரும்பாலும் தந்தது இந்தியாவே. அரக்குத் தட்டு கைதவறினால் மண்சட்டிபோலச் சிதறும். வெயிலில் வைத்தால் அப்பளம்போல வளையும். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் அரக்கு அரிதானபொழுது மேனாடுகளில் பழைய தட்டுகளைத் திரட்டி நொறுக்கிப் புதுத் தட்டு வார்த்தனர். ஒருவர் குரலை அரைத்து மற்றொருவர் குரலுக்கு மண்ணாக்கிய அச்செயலை எண்ணும்போது எம் மனம் வருந்துகின்றது.

செட்டைப் பேணிய அபிமானிகளின் பித்தினால் விளைந்த பயன் யாது என்று வினவுவார்க்குச் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவையே விடையாகக் காட்டுவோம். 1906இல் பிறந்த அவர் 1933 டிசம்பரில், இருபத்தெட்டு வயது நிரம்பாமுன் மறைந்தார். தமிழ் பேசிய முதற் படமாகிய 'காளிதாஸ்' 1931இலேயே வந்துவிட்டது. எனினும் கிட்டப்பா ஒரு படத்திலும் நடித்திலர். அவர்தம் மனைவியார் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளை 1935இன் 'நந்தனார்' தொட்டுப் பல படங்களில் மக்கள் கண்டனர். கிட்டப்பாவை அங்ஙனம் காண வழியில்லை. அவர் நடித்த நாடகங்கள் அன்றன்றே காற்றில் கலந்தன. நமக்கு எஞ்சியிருப்பது தட்டில் பதிந்த குரல் ஒன்றே. அத்தட்டுகளும் எவரோ ஒருவர் பெட்டியில் வைத்துப் பூட்டியதனால் பிழைத்தன. சென்னையில் இசையாராய்ச்சியாளர் வி. ஏ. கே. ரங்காராவ் பல்லாயிரக்கணக்கான 78 சுற்றுத் தட்டுகளைத் தேடித் திரட்டியதும் இவ்வாறான பித்தே. அரசாங்கமும் பல்கலைக்கழகமும் கண்விழிக்குமுன் காப்பாளராய் விளங்கியவர்கள் இவ்வபிமானிகள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

விழுப்புரத்தாருக்கு இப்பொருளில் தனி உரிமையும் ஒன்று உண்டு. சிவாஜி கணேசன் 1928 அக்டோபர் முதல் நாள் பிறந்த ஊர் விழுப்புரம். அவர்தம் பெயரின் முதலெழுத்தாகிய 'வி' அவ்வூரைக் குறிப்பது. சிறுவராயிருந்தபொழுது கண்ட கட்டபொம்மன் கூத்தே தம்மை நாடகத்துக்கு ஈர்த்தது என்று அவர் தம் வரலாற்றில் கூறியுள்ளார். பின்னர் 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் அவர் பேசிய வசனம் தட்டில் ஏறியது. 1965இல் வந்த 'திருவிளையாடல்' படத்தின் கதை வசனத் தட்டுகளோ, கோயில் திருவிழா என்றும் காதுகுத்து என்றும் கல்யாணம் என்றும் வேறுபாடின்றி மரக்கிளையிற் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்களின் வாயிலாக ஊரை எழுப்பின. பாட்டுக்கு ஆசைப்பட்டுத் தட்டு வாங்குவது எங்கும் உள்ளது. பேச்சுக்கு ஆசைப்பட்டுத் தட்டு வாங்கிய கூட்டம் நம்முடையது. நாடகச் செட்டு கேட்டு வளர்ந்த செவியே அதற்குக் காரணம் என்று யாம் கருதுகின்றோம். தட்டு போய் ஒலிநாடா வந்தபின்னும் அவ்வாசை தணியவில்லை. 1984இல் வந்த 'விதி' என்னும் படத்தின் நீதிமன்ற வாதங்களை ஒலிநாடாவிற் கேட்டே மனனம் செய்தவர்கள் இன்று நடுவயதினர். அவருள் சிலர் நம் கல்லூரி ஆசிரியராகவும் உள்ளனர். மைக் செட்டுக்காரர் தம் பெட்டியில் இன்னின்ன வசனத் தட்டு உண்டு என்று சொல்லித்தான் கல்யாண வீட்டில் முன்பணம் பெறுவார்.

ஈண்டு ஒரு வேடிக்கையைக் கூறாமல் விடுதல் இயலவில்லை. இங்கிலாந்தில் 78 சுற்றுத் தட்டு 1960ஐ ஒட்டி வழக்கொழிந்தது. இந்தியாவில் ஒழியவில்லை, மின்சாரம் எட்டாத ஊர்களில் சாவி கொடுக்கும் பெட்டிகளே மிகுதியாயிருந்தமை அதற்குக் காரணம். ஆகவே 1960களின் நடுவில், கல்கத்தாவை அடுத்த டம்டம் தொழிற்சாலையில் பீட்டில்ஸ் பாடல்கள் 78 சுற்று அரக்குத் தட்டுகளாக அழுத்தப்பெற்றன. தம் நாட்டிலேயே கிடைக்காத அவ்வடிவத்தை மேனாட்டு அபிமானிகள் இன்று பெருந்தொகை கொடுத்துத் தேடுகின்றனர். நம்மவர் பித்தென்று விடுதியில் நகைக்கப்பட்ட பெட்டிக்கு இல்லாத விலை, நம் நாட்டுப் பரணில் தூசி மூடிக் கிடக்கும் ஒற்றைத் தட்டுக்கு இருத்தல் கூடும்.

பரண் என்றதும் மாணவரின் தந்தையார் சொல் நினைவுக்கு வந்தது. பொங்கல் விடுமுறையில் அவரும் மகனும் யாமுமாகத் திண்டிவனத்திற்கு மேற்கேயுள்ள அச்சிற்றூருக்குச் சென்றோம். பெரியவர்க்கு வயது தொண்ணூறை நெருங்குகின்றது. பரணினின்று இறங்கியது ஒரு கள்ளிப்பலகைப் பெட்டி, அதனுள் ஆறு பையுள்ள ஆல்பம், கோவலன் செட்டு. அவர்தம் தந்தையார் நெல் விற்ற பணத்தில் வாங்கியதாம். ஐந்தாம் பை வெறுமையாயிருந்தது. பக்கத்து ஊர்க் கல்யாணத்திற்கு இரவல் போன செட்டு மாட்டு வண்டியில் திரும்பும்போது அத்தட்டு உடைந்தது என்றார். சில ஆண்டுகட்கு முன் பழம்பொருள் வாங்குவார் ஒருவர் வந்து, இரண்டாம் தட்டையும் ஆறாம் தட்டையும் மட்டும் தரும்படி கேட்டு நல்ல விலையும் சொன்னாராம். பெயர்பெற்ற பாடகரின் குரல் அவ்விரண்டில் இருந்தமையே காரணம். "செட்டைப் பிரிக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை என்று அனுப்பிவிட்டேன்" என்றார். ஏற்கெனவே ஒன்று குறைந்த செட்டுக்கு இத்துணைக் கண்டிப்பு எதற்கு என்று அப்பொழுது எமக்குத் தோன்றியது உண்மை.

பழைய பெட்டியின் வில் தளர்ந்திருந்தது. மாணவர் ஒரு கையால் சாவியைச் சுற்றிக்கொண்டே இருக்க, தட்டு ஒவ்வொன்றாக ஓடியது. கீறலும் இரைச்சலும் பாதி, குரல் பாதி. எட்டாம் பக்கம் முடிந்து கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டான். மாணவர் ஆறாம் தட்டை எடுக்கக் கைநீட்டினார். "இரு தம்பி, ஐந்தாவது ஆகவில்லை" என்று பெரியவர் தடுத்தார். தடுத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பொற்கொல்லன் குரலில் ஒரு கேள்வியும் கோவலன் குரலில் ஒரு விடையுமாகப் பேசத் தொடங்கினார். நடுவில் ஒரு பாட்டு வந்தது, அதையும் பாடினார். சுருதி நடுங்கியது, சொல் ஒன்றும் தவறவில்லை. திடீரென்று நிறுத்தினார். யாம் மறந்துபோனார் என்று எண்ணினோம். மாணவர் கைபேசியில் காலத்தைப் பார்த்து, ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆயிற்று என்றார். பெரியவர் தட்டைத் திருப்பும் அளவுக்குப் பேசாதிருந்து, "மறுபக்கம்" என்று சொல்லித் தொடர்ந்தார்.

ஊர்ப்பிள்ளையாய்ச் சாவி கொடுத்த காலத்தில் மனத்தில் பதிந்ததாம். தட்டு உடைந்தபின் செட்டுப் போடும்போதெல்லாம் ஐந்தாவதை அவரே சொல்லிவந்தாராம். கேட்க வந்தவர்களும் அதனை ஒப்புக்கொண்டார்களாம்.

அன்று மாலை மாணவர் அவரை மறுமுறை சொல்லச்செய்து கைபேசியிற் பதிந்துகொண்டார். பதிந்ததனை இரண்டாகப் பிரித்து 9 என்றும் 10 என்றும் எண்ணிட்டார். ஒரு காகிதத்தில் அவ்விவரத்தை எழுதி ஐந்தாம் பையில் செருகப்போனபொழுது, மெல்லிய காகிதம் வேண்டா, தடித்த அட்டை வை, இல்லாவிட்டால் இருபுறத்துத் தட்டும் வளையும் என்று பெரியவர் சொன்னார். அட்டையை வெட்டித் தந்தவர், அயல்நாட்டுப் பித்து என்று முன்னர்க் கூறிய தந்தையார். பெட்டி மறுபடியும் பரண் ஏறியது. மாணவர் தம் பெட்டிக்குரிய கருவியை இதுவரை வாங்கவில்லை.